ராஜரத்தினம் சேர் குடித்த தண்ணீர்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் வழியில் உள்ள அந்தத் தமிழ்ப் பாடசாலையில், பிரதி அதிபர் ராஜரத்தினம் சேர் இருக்கும்வரை ஆபத்து என்பது லேசில் உள்ளே வந்துவிட முடியாது. வந்தாலும் வரிசையில் நின்றுதான் வரவேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய வெப்பமானியை ஊரெல்லாம் மூலையில் போட்ட பிறகும் அவர் மட்டும் மேசை லாச்சியில் வைத்திருந்தார். யாராவது தும்மினால் அதை எடுத்து நெற்றிக்கு நேரே நீட்டுவார். டெங்கு வந்த வருடம் அதிபரின் பூச்சாடிகளைக்கூடக் கவிழ்த்து வைத்தார். ஒரு பையன் மாமரத்தில் ஏறி விழுந்தபோது மரத்தையே வெட்டச் சொன்னார். அதிபர் குறுக்கே நிற்காவிட்டால் மாமரம் அன்றைக்கே விறகாகியிருக்கும்.

அங்கே மனைப் பொருளியல் படிப்பிக்கும் கைரியா டீச்சருக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. அந்தப் பாடசாலையில் அவள் ஒருத்திதான் முஸ்லிம் ஆசிரியை. நாக்கு கொஞ்சம் நீளம் என்று பெயர் வாங்கியவள். ராஜரத்தினம் சேரின் சட்டங்களைப் பற்றி ஆசிரியர் அறையில் அவள் அடிக்கும் பகிடிக்குச் சிரிக்காதவர் ராஜரத்தினம் சேர் மட்டுமே.

இந்த வருடம் இரண்டு வில்லங்கங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. முதலாவது வெயில். கண்டியில் இப்படியும் வெயில் அடிக்குமா என்று ஆட்கள் குடைக்குள் இருந்துகொண்டு கேட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் கட்டாயம் தண்ணிப் போத்தல் கொண்டுவர வேண்டும் என்று சுகாதாரப் பகுதியிலிருந்து உத்தரவு வந்தது. இரண்டாவது, எந்த ஊரிலோ ஓர் அரசாங்கக் கந்தோருக்கு எவனோ அனுப்பிய மொட்டை மின்னஞ்சல். குண்டு இருப்பதாக எழுதியிருந்தான். பொலிஸ் போய்த் தேடி, ஒன்றும் இல்லையென்று திரும்பிவிட்டது. செய்தியைக் கேட்டவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ராஜரத்தினம் சேர் மட்டும் மறுநாளே பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்து, தன்னையே தலைவராகவும் நியமித்துக்கொண்டார்.

குழுவின் முதல் சட்டம் இது. திரவமாக எதைக் கொண்டுவந்தாலும், கொண்டுவந்தவர் கேட்டில் வைத்து ஒரு மிடறு குடித்துக் காட்ட வேண்டும். தண்ணீர் என்றால் தொண்டையில் இறங்கும், வேறு ஏதாவது என்றால் முகம் காட்டிக்கொடுக்கும் என்பது சேரின் விஞ்ஞானம்.

சட்டம் எல்லாருக்கும் பொது என்று காலைக் கூட்டத்தில் அறிவித்தார். கேட்டில் நின்றபோது அவருடைய கை வேறு விதமாகப் பேசியது. திருநீறும் பொட்டும் வந்தால், "போ போ, மணியடிக்கப் போகுது" என்று அந்தக் கை உள்ளே தள்ளிவிட்டது. பர்தா போட்ட பிள்ளையோ, ருஷ்தி என்றோ அமான் என்றோ பெயர் கொண்ட பையனோ வந்தால், அதே கை குறுக்கே நீண்டது. அவர்களுக்கு மதிலோரமாகத் தனி வரிசை. அதற்கு 'விசேட வரிசை' என்று பெயரும் வைத்தார். கல்யாண வீட்டில் வைக்கிற பெயர் மாதிரி இருக்கிறதே என்று கைரியா சொன்னாள்.

பகிடி அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அது நோன்பு மாதம். முஸ்லிம் பாடசாலைகளுக்கெல்லாம் விடுமுறை விட்டாயிற்று. தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நோன்போடு வரவேண்டும், சுகாதாரப் பகுதி சொன்னபடி போத்தலும் கொண்டுவர வேண்டும், ராஜரத்தினம் சேர் சொன்னபடி அதைக் குடிக்கவும் வேண்டும். முதல் நாளே விசேட வரிசை அசையாமல் நின்றுவிட்டது. சேர் சற்று யோசித்துச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

"நோன்புன்னா தண்ணியக் கீழ ஊத்திட்டு உள்ள போ. நோன்பு இல்லேன்னா குடிச்சுக் காட்டு."

தன்னைவிட நியாயமான மனிதர் கண்டி மாவட்டத்திலேயே இல்லை என்ற முகத்தோடுதான் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை காலை, பதினோராம் தரத்தில் படிக்கும் ஆஸிகா அந்த வரிசையின் முன்னுக்கு வந்தபோது கைரியா நாலைந்து பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றாள். ஆசிரியை என்றாலும் அவளும் விசேடம்தான்.

"நோன்பா?" என்று ராஜரத்தினம் சேர் கேட்டார்.

ஆஸிகா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டு ருஷ்தியும் அவனுடைய கூட்டாளிகளும் நின்றார்கள்.

"நோன்பா இல்லையா? வாயத் தொறந்து சொல்லும்மா, மத்தவங்க நிக்கிறாங்கல்ல."

பிள்ளையின் காதுமடல் சிவந்துவிட்டது. போத்தலின் மூடியைத் திறந்தாள், மூடினாள். பிறகு திரும்பி, யாரையும் பார்க்காமல் பாதையைக் கடந்து வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

"பாத்தீங்களா டீச்சர், ஒரு மிடறு குடிக்கச் சொன்னா ஓடுது! இதுக்குத்தான் சட்டம் போடுறது" என்றார் சேர். நான்கு வருடமாக அந்தப் பிள்ளைக்குக் கணிதம் படிப்பித்தவர் அவர். போன தவணை அவள் எடுத்த புள்ளியை வகுப்பு வகுப்பாகக் காட்டிக்கொண்டு திரிந்தவரும் அவரே.

கைரியாவுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. மாதத்தில் சில நாட்கள் பெண்களுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. அந்த நாட்களில் ஒரு பெண் என்ன செய்வாள்? குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும் போல வாடிய முகத்தோடு வெளியே வருவாள். வாப்பா கேட்கமாட்டார், கூடப் பிறந்த நானாவும் கேட்கமாட்டார். கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். கேட்டில் நின்று குடித்தால் ருஷ்தி வரைக்கும் விளங்கும். ஊற்றினால் நோன்பு மாதத்தில் பொய். உம்மாவிடம்கூடக் காதோடு காதாகச் சொல்லும் விஷயத்தை இந்த மனிதர் நடுத் தெருவில் நின்று கேட்கிறாரே! கைரியா தன் போத்தலைக் கவிழ்த்து, அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில், ஒரு துளி மிச்சம் வைக்காமல் ஊற்றினாள்.

மறுநாளும் ஆஸிகா வரவில்லை. பாடசாலை விட்டதும் கைரியா அவளுடைய வீட்டுக்குப் போனாள். வாப்பா ஃபாஸில் கட்டுகஸ்தோட்டையில் செருப்புக் கடை வைத்திருப்பவர். கோபம் வந்தால் குரல் உயராது, முடிவுதான் உயரும்.

"நோன்பு நேரம் புள்ளயளத் தனி லைன்ல நிப்பாட்டி, தண்ணி குடி எண்டு செல்றாங்களாம் டீச்சர். இனி போதும். வார திங்கக்கிழம வந்து விடுகைப் பத்திரம் எடுக்கப் போறன். அக்குறணையில மாமி வீட்டுல நிண்டு படிக்கட்டும்."

"பரீட்ச வருஷத்துல ஸ்கூல் மாத்துறதா, நானா?"

"அந்த லைன் ஈக்கிற வரைக்கும் என்ட புள்ள அந்த கேட்டுக்குள்ள போகாது."

அவருக்கும் முழுக் காரணம் தெரியாது. தெரிந்தவர்கள் உம்மா ஜஹானாவும் மகளும் மட்டும். கைரியா விடைபெற்றுச் செருப்பைப் போடும்போது ஆஸிகா பின்னாலேயே வந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

"எனக்கு அக்குறணைக்குப் போக விருப்பமில்ல டீச்சர். ஆனா சேர்ட்ட ஒண்டும் செல்லிடாதீங்க. நீங்க செல்லித்தான் என்ன விட்டாங்க எண்டா, நான் அங்க வந்து எப்படி நிக்கிற?"

"ஒரு வார்த்த செல்லமாட்டன்" என்று கைரியா வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான், தன்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தையும் கொடுத்துவிட்டது புரிந்தது. காரணத்தைச் சொன்னால் குழுவிலுள்ள அத்தனை ஆண்களும் வெட்கத்தில் தலையைக் குனிந்து மறுநிமிடமே சட்டத்தைத் தூக்கிப் போடுவார்கள். ஆனால் அது கேட்டில் நடந்ததையே குழு அறையில் வைத்து மறுபடி நடத்துவதாகும். திங்கட்கிழமைக்கு முன் அந்த வரிசை போக வேண்டும், ஏன் போக வேண்டும் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. பாலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இதை நினைத்து நினைத்து இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டாள்.

புதன்கிழமை பாதுகாப்புக் குழு கூடியபோது கைரியா யாரும் அழைக்காமலே போய்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் நல்ல முறையில்தான் பேசினாள்.

"சேர், நோன்பா இல்லையா எண்டு புள்ளயள்ட்ட கேக்கிறது சரியில்ல. அது அவங்கட சொந்த விசயம்."

ராஜரத்தினம் சேர் கோபப்படவில்லை. கதிரையில் சாய்ந்து, பெருமையோடு ஒரு கதை சொன்னார்.

"யுத்த காலத்துல டீச்சர், கொழும்புக்குப் போற பஸ்ஸுல இருந்து என்ன எறக்குனாங்க. பேரக் கேட்டாங்க, எறக்கிட்டாங்க. அப்ப நான் ஐயப்பனுக்கு மாலை போட்டு விரதம். விடிஞ்சதுல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. போத்தலக் குடிச்சுக் காட்டுன்னாங்க. குடிச்சேன். சட்டம்னா சட்டம். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

கைரியாவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. உடனேயே அந்த இரக்கத்தின் மேல் கோபமும் வந்தது. தனக்கு நடந்தது அநியாயம் என்று ஒத்துக்கொண்டால்தானே மற்றவனுக்குச் செய்வதும் அநியாயம் என்று தெரியும்? அந்த ஒரு மிடறை இத்தனை வருடமாகத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு, குறையவில்லை குறையவில்லை என்று சொல்லித் திரியும் மனிதரிடம் நியாயம் எடுபடாது. ஆனால் பெருமை எடுபடும். அந்த இடத்தில்தான் அவளுடைய புத்தி வேறு பாதையில் திரும்பியது.

"நீங்க செல்றது சரி சேர். உண்மையச் சொன்னா, உங்கட சட்டத்துல பாதுகாப்பு போதாது" என்றாள்.

சேர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்படிப் போதாதுங்கிறீங்க?"

"நோன்பு எண்டு சொல்லி ஊத்திட்டுப் போறாங்க. ஊத்தினது என்ன தண்ணி எண்டு யார் கண்டது? ஆபத்தானத எல்லாம் நம்மட வாசல்லயே ஊத்தவிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறோம். அதோட, மேட்டுப் பக்கம் ரெண்டு நாளைக்கொருக்கா தண்ணி வெட்டுறாங்க. இங்க நாங்க ரோட்டுக்குக் குளிக்க வாக்கிறோம்."

"அது பாயிண்ட்டுதான்" என்று அதிபர் முனகினார். ஓய்வு பெறும் நாளை எதிர்பார்த்திருந்த அவருக்கு எல்லாமே பாயிண்ட்டுதான்.

"நோன்பு புடிச்ச புள்ளைக்குப் பதிலா பொறுப்பான ஆள் ஒருத்தர் குடிச்சுப் பாக்கணும் சேர். கண்டவங்க குடிக்கிறதுல அர்த்தமில்ல. துணிச்சல் வேணும், அனுபவம் வேணும்." கைரியா அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். விளையாட்டு ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்கள விட்டா இந்த ஸ்கூல்ல வேற யாரு?"

ராஜரத்தினம் சேர் தொண்டையைச் செருமினார். ஆபத்துக்கு முன்னால் தன் உடம்பை நிறுத்தும்படி இத்தனை வருடத்தில் யாரும் அவரைக் கேட்டதில்லை. "நாளையில இருந்து நானே குடிக்கிறேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை அவர் கேட்டில் நின்று நோன்புப் பிள்ளைகளின் போத்தல்களை ஒவ்வொன்றாக வாங்கி, அண்ணாந்து ஒரு மிடறு குடித்து, சற்று நேரம் கண்ணை மூடித் தனக்குள் நடப்பதைக் கவனித்து, "போ" என்றார். தண்ணீர்தான். அமான் மட்டும் கசகசா போட்ட சர்பத் கொண்டுவந்திருந்தான். அதில் சேர் இரண்டு மிடறு கூடுதலாகவே சந்தேகப்பட்டார்.

அன்று மூன்றாம் பாடவேளையில் கைரியா, 'வெயில் காலப் பானங்கள்' என்ற பாடத்தை எடுத்தாள். பாடத்திட்டத்தில் அது அடுத்த தவணைக்கு உரியது. வெயிலோ இந்தத் தவணையிலேயே வந்துவிட்டதே.

"உடம்புச் சூட்டுக்குப் பார்லித் தண்ணி நல்லம். அதவிடப் பொல்பலா மூலிகைய அவிச்ச தண்ணி நல்லம். பாத்ரூம் பக்கம் அடிக்கடி போக வைக்கும், அதுதான் அதுட குணம். வேற கெடுதி ஒண்டும் செய்யாது." பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினாள். "வீட்டுல செஞ்சு, போத்தல்ல கொண்டு வந்தா செயல்முறைப் புள்ளி போடலாம்."

முன்வரிசையில் இருந்த லோஜினி கையை உயர்த்தினாள். ஆஸிகாவுக்குப் பக்கத்துக் கதிரைக்காரி. திங்கட்கிழமையிலிருந்து வெற்றுக் கதிரைக்குப் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருப்பவள்.

"டீச்சர், நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாங்க விரதம் பிடிப்போம். விரதம்னா, தண்ணி கூடக் குடிக்காம பிடிக்கலாமா டீச்சர்?"

"அது உங்கட சமயம் மகள். எனக்கு என்ன தெரியும்?" என்றாள் கைரியா, பலகையைத் துடைத்துக்கொண்டே.

வகுப்பு முழுக்க ஒரு சத்தம் ஓடியது. அந்தச் சத்தம் இடைவேளைக்குள் எட்டாம் தரம் வரைக்கும் போய்விட்டது. நோன்பு மாதத்தில் இப்படிக் குறும்பு செய்வது பாவமாகுமா என்று அன்று பின்னேரம் கஞ்சி கிண்டும்போது கைரியா யோசித்தாள். யாரிடமாவது கேட்கலாம்தான், ஆமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்காமல் விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை விசேட வரிசை மதிலைத் தாண்டி, பெட்டிக்கடையைத் தாண்டி, பஸ் தரிப்பிடம் வரைக்கும் நீண்டது. மற்ற வரிசையில் காகம்கூட இல்லை.

"நீ எதுக்கு இங்க நிக்கிற?" என்று சேர் லோஜினியைக் கேட்டார்.

"நானும் விரதம் சேர்."

"விரதத்துக்குத் தண்ணி குடிக்கலாம்ல?"

"கடும் விரதம் சேர். நீங்க மாலை போட்டப்ப இருந்த மாதிரி." அந்தக் கதை குழு அறையிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று கைரியாவைக் கேட்டால் அவள் வானத்தைப் பார்ப்பாள். "இல்ல சேர், அவங்க போத்தல மட்டும் சந்தேகப்படுறீங்க. எங்க போத்தல்ல ஆபத்து இருக்க முடியாதா? எங்களையும் கொஞ்சம் நம்பாம இருங்க சேர்."

பின்னால் நின்ற அத்தனை பேரும், "ஆமா சேர்" என்றார்கள்.

மறுக்க வழியில்லை. சட்டம் எல்லாருக்கும் பொது என்று ஒலிபெருக்கியில் சொன்னவர் அவரேதான். குடித்தார். பார்லி, பொல்பலா, மறுபடி பொல்பலா, கொத்தமல்லி, யாரோ ஒருத்தி சீனி போட்ட பொல்பலா. ஒவ்வொரு பிள்ளையும் இன்னதென்று பெயர் சொல்லித்தான் கொடுத்தது, ஒளிவுமறைவு எதுவுமில்லை. "ஒடம்புக்கு நல்லது" என்று அவரும் சொல்லிச் சொல்லிக் குடித்தார். மணியடித்தபோது அவருடைய நடையில் ஒரு கனம் வந்திருந்தது.

காலைக் கூட்டம் தொடங்கியது. தேசிய கீதத்துக்கு ராஜரத்தினம் சேர் கம்பம் போல நின்றார். தேவாரத்துக்கு ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறினார். இஸ்லாமியப் பிரார்த்தனையில் கண்ணை இறுக மூடியிருந்தார், அவ்வளவு பக்தியை அவரிடம் யாரும் கண்டதில்லை. கிறிஸ்தவ ஜெபத்தில் அவருடைய நெற்றி வியர்த்தது. அதன் பிறகு அன்றைய பேச்சு, தலைப்பு 'தண்ணீரைச் சேமிப்போம்', பேசுபவர் லோஜினி. மழை எப்படிச் சொட்டும், அருவி எப்படிக் கொட்டும், மூடாத குழாய் எப்படி ஒழுகும் என்று அந்தப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சத்தம் போட்டே காட்டியது.

அருவி வரைக்கும்தான் அவரால் தாங்க முடிந்தது. மேடையின் ஓரமாக இறங்கினார். ஆசிரியர் மலசலகூடத்தில் பூட்டுத் தொங்கியது. கூட்டம் நடக்கும் நேரம் எவனாவது உள்ளே ஒளிந்துவிடுவான் என்று பூட்டி வைக்கச் சொன்னதும் அவருடைய குழுவே. சாவி காவலாளி இளங்கோவிடம். இளங்கோ நீண்ட படிக்கட்டுக்குக் கீழே கேட்டில், கூட்டம் முடியும்வரை அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது என்ற உத்தரவோடு நின்றான். சேர் அந்தப் படிக்கட்டை ஒருமுறை பார்த்தார். தன் உடம்பை ஒருமுறை யோசித்தார். பிறகு, மனைப் பொருளியல் அறையை நோக்கிச் சின்னச் சின்ன எட்டாக நடந்துவந்தார். அந்த அறைக்கு ஒரு குளியலறை உண்டு. அதன் சாவி கைரியாவிடம்.

கைரியா அறை வாசலில் தன் வகுப்புப் பிள்ளைகளின் வரிசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர்," என்றார் சேர், மிகவும் மெல்லிய குரலில். "அந்தச் சாவி…"

வரிசையில் நின்ற பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் மேடையைப் பார்த்தபடி காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினார்கள்.

கைரியாவின் நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. எதற்குச் சாவி சேர்? அவசரமா, இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்கள், மற்றவர்கள் நிற்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து அவள் அந்த வசனத்தைச் சாணை பிடித்து வைத்திருந்தாள். கேட்கவேண்டியதுதான் பாக்கி.

அவருடைய முகத்தைப் பார்த்தாள். காதுமடல் சிவந்திருந்தது. கண் நிலத்தில் இருந்தது. கையில் இருந்த விசிலைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். அந்தப் பெரிய மனிதரின் முகத்தில் பதினாறு வயதுப் பிள்ளையின் முகத்தைக் கண்டாள். நாக்கில் இருந்ததை விழுங்கிக்கொண்டு, சாவியை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"எதுக்கெண்டு நான் கேக்கல்ல சேர்," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "ஒருத்தர்ட்ட ஒருத்தர் கேக்கப்படாத விசயமும் ஈக்கிதானே."

அவர் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேல் பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

இரண்டாம் பாடவேளையில் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். கழுவித் துடைத்திருந்தார். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"அந்தப் புள்ள, ஆஸிகா. திங்கக்கிழமைக்குப் பிறகு வரலையே டீச்சர். என்ன…" என்று தொடங்கினார். கைரியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேருக்கும் வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது, பிறகு மெல்ல மூடிக்கொண்டது. மிச்சத்தைக் கேட்காமலே திரும்பிப் போனார். அவர் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டதை அந்தப் பாடசாலையில் முதன்முதலாகக் கண்டவள் கைரியா.

பின்னேரம் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. சுகாதாரக் காரணங்களை முன்னிட்டு, போத்தல்களைப் பரிசோதிப்பதும் விசேட வரிசையும் இன்றுடன் நிறுத்தப்படுகின்றன. சுகாதாரமாம்! கைரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்தப் பிள்ளைகளை மதிலோரம் நிறுத்தியது பிழை என்று எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத யாருக்கும் கை வரவில்லை. சுகாதாரம் என்று எழுதுவது எவ்வளவு லேசாக இருக்கிறது! அந்தத் தாளைக் கிழித்துப் போடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு அதை நன்றாகப் படம் பிடித்து, செருப்புக் கடை ஃபாஸிலின் தொலைபேசிக்கு அனுப்பி வைத்தாள். வருத்தத்தைப் பிறகு படலாம், திங்கட்கிழமை அதற்காகக் காத்திருக்காது.

திங்கட்கிழமை ஃபாஸில் வந்தார். விடுகைப் பத்திரத்துக்கு வந்தாரா, பார்த்துவிட்டுப் போக வந்தாரா என்று அவருடைய முகத்தில் தெரியவில்லை. பக்கத்தில் ஆஸிகா, சீருடையில். பாதையின் அந்தப் பக்கத்தில் நின்று வெகுநேரம் கேட்டைப் பார்த்தார்கள். ஒரே வரிசை. திருநீறும் பர்தாவும் முன்னுக்குப் பின்னாகக் கலந்து, தள்ளுமுள்ளுப் பட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஃபாஸில் மகளின் தோளில் லேசாகத் தட்டினார். அவள் பாதையைக் கடந்து வந்தாள்.

ராஜரத்தினம் சேர் வழக்கம்போலக் கேட்டில்தான் நின்றார். ஆஸிகா அவருக்கு முன்னால் வந்ததும் நின்று, கேட்காமலே போத்தலின் மூடியைத் திருகத் தொடங்கினாள்.

"வேணாம்மா," என்றார் சேர். அவருடைய கை பாதி தூரம் நீண்டு, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையைத் தடவிக்கொண்டது. "மூடு. உள்ள போ. இன்னைக்கு அட்சரகணிதம் செய்றோம், நீ இல்லாம வகுப்பே தூங்குது."

மாமரத்தடியில் காத்து நின்ற கைரியாவிடம் ஆஸிகா ஓடிவந்தாள். ஓடிவந்தவள் அருகே வந்ததும் தயங்கினாள். குரலில் பயம் இருந்தது.

"டீச்சர், நீங்க சேர்ட்ட செல்லிட்டீங்களா?"

"அல்லாஹ்க்காக, ஒரு வார்த்த செல்லல்ல."

"அப்ப ஏன் என்ன ஒண்டும் கேக்காம விட்டார்?"

"அவருக்கும் ஒரு நாள் அவசரம் ஒண்டு வந்திச்சு மகள்," என்றாள் கைரியா. "அப்ப அவர்ட்ட யாரும் ஒண்டும் கேக்கல்ல."

வகுப்பு ஜன்னலிலிருந்து லோஜினி கையை ஆட்டிக் கூப்பிட்டாள். ஆஸிகா போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு படியேறிப் போனாள். அன்று அவளுக்கு நோன்பா இல்லையா என்று கைரியாவுக்கும் தெரியாது.